டாஸ்பாக்ஸில் வாள் சண்டை வந்தால் ஒலி கரகரக்கிறது

பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் 0.74 மென்பொருளில் பழைய 1990 டாஸ் பதிப்பு பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை ஆடுகிறேன். ஓடும்போதும் தாவும்போதும் குறையில்லை. வாளை உருவியதும் ஸ்பீக்கரில் சோளம் பொரிவதுபோல் படபடவென்று சத்தம்.

2008இல் வாங்கிய மேசைக் கணினி. கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், மதர்போர்டிலேயே உள்ள சவுண்ட். விண்டோஸ் எக்ஸ்பி இருந்தவரை தொல்லையில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் லுபுண்டு 18.04 லினக்ஸுக்கு மாறியதிலிருந்துதான் இப்படி.

கன்ட்ரோலும் எஃப்11உம் அழுத்தி சைக்கிள்ஸை (டாஸ்பாக்ஸ் ஆட்டத்தை இயக்கும் வேகம்) 1000 வரை இறக்கிப் பார்த்தேன். கரகரப்பு அப்படியே இருக்கிறது. இளவரசன்தான் இடுப்பளவு தண்ணீரில் நடப்பவன்போல் ஆகிவிட்டான். 60 நிமிடத்தில் இளவரசியை மீட்க வேண்டியவன்! மிக்சர் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற அளவு) 44100இலிருந்து 22050 ஆக்கினேன், பயனில்லை. ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பிரீபஃபரை 100 மில்லிநொடிக்கு ஏற்றியபோது மட்டும் சத்தம் பாதி குறைந்தது, ஆனால் வாள் மோதிய பிறகே 'டிங்' கேட்கிறது. ஸ்பீக்கரில் கோளாறு இல்லை; இதே கணினியில் கேவ் ஸ்டோரி விளையாட்டின் இசை துல்லியமாகக் கேட்கிறது.

ஒலி தாமதமாகாமல் இந்தக் கரகரப்பை நிறுத்த, டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பில் திருத்த வேண்டுமா, லுபுண்டுவில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோவிலா?