ரத்தம் ஏத்தும்போது எச்டிஎல்வி-1 பாக்காவளா?

அம்பைக்காரன்:
அண்ணாச்சிமாரே, அக்கா மகளுக்கு தலசீமியா, பொறப்புலயே ரத்தம் சரியா ஊறாத நோய். மூணு வாரத்துக்கு ஒருக்கா பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் ஏத்துதோம். ஜப்பான்ல இருக்க மச்சான், "இங்க குடுக்க ரத்தத்துல எச்டிஎல்வி-1ங்கற வைரஸ் இருக்கான்னும் பாக்காவ, நம்மூர்ல உண்டா?"ன்னு கேட்டுட்டான். அதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

லேப்காரர்:
இங்க கட்டாயம் அஞ்சுதான்: எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா. எச்டிஎல்வி அதுல சேராது. ஜப்பான்ல 1986லயே ஆரம்பிச்சிட்டாவ. அங்க தெக்க இருக்க கியூஷு தீவுப் பக்கம் தாய்ப்பால் வழியா தலைமுறையா வாரது அது. நம்ம நாட்டுல ரத்தம் குடுக்கவங்ககிட்ட அபூர்வம்தான். கால் விளங்காம வாரவங்க, டி-செல்ங்கற வெள்ளையணுல ரத்தப்புத்து வந்தவங்ககிட்ட தேடுனா கூடுதலாக் கிடைக்கும். அதை ஊர்க்கணக்கா எடுத்துராதீங்க. தொற்று இருக்கவங்கள்லயும் பெரும்பாலானோருக்கு ஆயுசுக்கும் ஒண்ணும் வராது.

தாமிரபரணி:
வைரஸ் வெள்ளையணுக்குள்ளதான் உக்காந்திருக்கும். வெள்ளையணு வடிகட்டி போட்டு ஏத்துனா ஆபத்து நல்லாக் குறையும். ஏத்தும்போது பிள்ளைக்கு வார குளிர்காய்ச்சலும் குறையும். எங்க வீட்ல முதல் ரெண்டு வருசம் யாரும் சொல்லவே இல்ல!

அம்பைக்காரன்:
வடிகட்டியா? சும்மா ஒரு டியூபுன்னுல்லா நெனச்சேன். வெள்ளிக்கிழமை கேக்கேன்.