ஆங்கில வார்த்தை மனப்பாடம் ஆகுது, எழுத உட்கார்ந்தா வரமாட்டேங்குது

கேள்வி: இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். தினமும் 20 வார்த்தை, எதிரே தமிழ் அர்த்தம் என்று நோட்டில் எழுதிப் படிக்கிறேன். லேப் ரிப்போர்ட் எழுதும்போது அதில் ஒன்றுகூட கைக்கு வருவதில்லை. வந்தாலும் சிவப்பு மையில் சுழித்துக் கொடுக்கிறார்கள். எப்படி மாற்றிக்கொள்வது?

சொல்வேட்டை:
20 ரொம்ப அதிகம், 5 போதும். வார்த்தைக்கு எதிரே அர்த்தத்தை மட்டும் எழுதுறதுதான் பிரச்சினை. பக்கத்தில் எந்தச் சொல் வரும்னு தெரியாம எழுத முடியாது. 'இன்க்ரீஸ்' = அதிகரித்தல், சரி. வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 40 ஆனா 'இன்க்ரீஸ்டு பை 10 டிகிரீஸ்'. 'இன்க்ரீஸ்டு டு 10' என்று எழுதினா அளவு 10-க்கு வந்து நின்னுடுச்சுன்னு ஆகிடும். தமிழ்ல '10 டிகிரி ஏறியது', '10 டிகிரிக்கு ஏறியது' ரெண்டுக்கும் உள்ள அதே வித்தியாசம். நோட்டில் இந்த 'பை', 'டு' ரெண்டையும் ஒவ்வொரு முழு வாக்கியத்தோட எழுதுங்க.

அட்டையா செய்தா இன்னும் நல்லது. முன்பக்கம் அந்த வார்த்தை இருக்கவேண்டிய இடத்தில் கோடு போட்ட வாக்கியம், பின்பக்கம் விடை. 1, 3, 7, 16-ஆம் நாள்களில் எடுத்துப் பாருங்க. விடை தப்பானா மறுபடி முதல் நாளிலிருந்து. செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் சொன்ன அட்டைப்பெட்டி முறையும் இதே மாதிரிதான். இந்த மாதிரி அட்டைகளை ஃபோனில் வெச்சுப் படிக்கிற ஆங்கி ஆப் நாள் கணக்கைத் தானே பார்த்துக்கும். ஆனா யாரோ செய்துவெச்ச ஆயிரம் அட்டையை இறக்கிக்காதீங்க, அதுவும் மனப்பாட நோட்டுதான்.

பிழைதிருத்தி:
வார்த்தை சரி, வாக்கியத்துக்கு வழி? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் சொல்லும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக எழுதப்பட்ட 120 சொல் பத்தி ஒன்று. கதை வேண்டாம், உங்கள் பாடப்புத்தகத்து விளக்கப் பத்தியே போதும். வாக்கியத்துக்கு மூன்று சொல் வீதம் குறிப்பு. மூலத்தை மூடிவைத்து மூன்று நாள் கழித்து, குறிப்பை மட்டும் பார்த்து எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். குறிப்பு நீண்டாலோ, அன்றைக்கே எழுதினாலோ ஞாபகசக்திக்குத்தான் பயிற்சி.

ஒப்பிடும்போது பிழைகளை ஒரு பக்கத்தில் தனியாகச் சேருங்கள். தமிழிலிருந்து வருபவை திரும்பத் திரும்ப அதே நான்கைந்துதான். நாம் 'தகவல்கள்', 'கருவிகள்', 'அறிவுரைகள்' என்போம். அந்தப் பழக்கத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மெண்ட்ஸ்', 'அட்வைசஸ்' என்று 'ஸ்' ஒட்டிவிடும். மூன்றுமே தவறு. 'பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்டு அபவுட்'. அங்கே 'அபவுட்' வராது. 'நேற்று பார்த்திருக்கிறேன்' என்பதால் 'ஐ ஹேவ் சீன் இட் எஸ்டர்டே'; 'எஸ்டர்டே' வந்தால் 'ஐ சா' மட்டுமே. ரிப்போர்ட்டில் பீக்கர் முதன்முறை வரும்போது 'எ பீக்கர்', அடுத்த வரியிலிருந்து 'த பீக்கர்'. தமிழில் 'த'வுக்கு நிகர் இல்லாததால் அது சத்தமில்லாமல் விட்டுப்போகும். எழுதி முடித்ததும் அதற்காக மட்டும் ஒருமுறை படியுங்கள்.

அகராதிப்பிரியன்:
ஆங்கிலம்–தமிழ் அகராதியோட நிறுத்தாதீங்க தம்பி. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே உள்ள லேர்னர்ஸ் டிக்‌ஷனரி பாருங்க. பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'யு' என்று குறி இருந்தா எண்ண முடியாத சொல், 'ஸ்' ஒட்டாது. மேலே பிழைதிருத்தி சொன்ன பாதி தப்பு அங்கேயே தீர்ந்துடும்.

எந்த வார்த்தைன்னு குழப்பம்னா, அன்றாடச் சொற்கள் 2,000 கைவந்த பிறகு ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல்: 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்). வெளிநாட்டு மேல்படிப்புக்கு எழுதுற ஜிஆர்இ தேர்வுக்கான சொற்பட்டியல் இப்ப வேண்டவே வேண்டாம். 'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' போட்டா மார்க் அதிகமாகாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஏஐ-யிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினால் தப்பா?

பிழைதிருத்தி:
திருத்தச் சொல்லாதீர்கள். 'பிழை உள்ள வரிகளை மட்டும் காட்டு, விடை சொல்லாதே' என்று கேளுங்கள். நீங்களே திருத்திய பிறகு மறுபடி கொடுத்துப் பாருங்கள். சரியான வரியையும் சில நேரம் பிழை என்று காட்டும். சந்தேகம் வந்தால் அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.