கைது பண்ணவில்லையாம், ஆனால் விடவும் இல்லை. இது என்ன கணக்கு?

கொட்டகலை அக்கா:
தம்பிக்கு ஹட்டனில் போன் கடையில் வேலை. போன கிழமை கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நின்றவனிடம் ஜீப்பில் வந்த பொலிஸார் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "களவுபோன போன் ஒன்றைப் பற்றி விசாரிக்கணும், ஏறு" என்றார்களாம். ஸ்டேஷனில் அவனுடைய போனையும் வாங்கிக்கொண்டு வாங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். ராத்திரி அப்பா சோற்றுப் பார்சலோடு போனார். பார்சல் உள்ளே போனது, அப்பாவை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். விடியக்காலையில் சிங்களத்தில் எழுதின தாளொன்றில் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்பியாச்சு. கேட்கப்போனால் "உன்னை யார் அரெஸ்ட் பண்ணினது?" என்கிறார்கள். தோட்டத்துத் தலைவரும், விலங்கு போடவில்லைதானே, விட்டுவிடு என்கிறார். அப்படியா?

டவுன் ஆட்டோக்காரன்:
எங்களைத் தினமும்தான் மறிக்கிறார்கள் அக்கா. லைசன்ஸ் பார்த்துவிட்டு அனுப்புவதெல்லாம் கைது என்றால் நான் ஆயுள் கைதி. எப்படியும் 24 மணி நேரம் வைத்திருக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதே?

பழைய கிளாக்கர்:
லோயர் ஒருவரிடம் கிளாக்கராக இருந்தவன் நான். தலைவர் சொல்வது பிழை, மகள்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 23ஆம் பிரிவைப் பாருங்கள். முறைப்படி கைது செய்யாமல், கைதே இல்லை என்று பாசாங்கு பண்ணிக்கொண்டு ஒருவரை அடைத்தோ தடுத்தோ வைத்தால் அதுவும் கைதாகவே கருதப்படும் என்று அங்கேயே விளக்கம் போட்டிருக்கிறது. சர்வானந்தா பிரதம நீதியரசராக இருந்தபோது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒருவரின் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பொலிஸார் ஸ்டேஷனுக்கு வா என்று கூட்டிப்போய்விட்டார்கள். அவர் தன் பயணத்தைத் தொடர முடியாமல் போன அந்த இடத்திலேயே கைது நடந்துவிட்டது, பலாத்காரம் தேவையில்லை, மிரட்டலே போதும் என்றது நீதிமன்றம். உங்கள் தம்பி விசயமும் அதேதான். சும்மா பேச வந்தவன் என்றால் தகப்பனை ஏன் கேட்டுக்கு வெளியே நிறுத்தணும்?

ஆட்டோத் தம்பிக்கு: லைசன்ஸ் பார்த்து அனுப்புவது கைது இல்லை. ஆனால் 24 மணி நேரம் என்பது உச்ச வரம்பு. பிடியாணை இல்லாமல் கைது செய்தவரைத் தேவையில்லாத தாமதம் இன்றி நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். காரணத்தையும் சொல்லியாகணும், அது அரசியலமைப்பின் 13(1). பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கதை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அந்தத் தாள்தான் எனக்கு உறுத்துகிறது. வாக்குமூலத்தை அவனுக்குப் புரியும் மொழியில் விளக்கி, திருத்தவும் சேர்க்கவும் இடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா?

டவுன் ஆட்டோக்காரன்:
சரி ஐயா, அந்த நேரத்தில் எப்படித் தெரிந்துகொள்வது? சட்டம் பேசினால் அடி விழுமே.

பழைய கிளாக்கர்:
சட்டம் பேசாதீர்கள். தள்ளுமுள்ளும் வேண்டாம். "மட்ட யன்ன புளுவன்த சேர்?", அதாவது நான் போகலாமா சேர் என்று, சிங்களத்தில் மரியாதையாகக் கேளுங்கள். போ என்றால் போய்விடலாம். இரு என்றால், என்ன காரணம் என்று கேட்டுவிட்டு, யார் சொன்னது, எத்தனை மணி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலை அக்கா:
ஒன்றும் வாசித்துக் காட்டவில்லை ஐயா. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். இனி என்ன செய்ய?

பழைய கிளாக்கர்:
உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. கண்டியில் அலுவலகம் இருக்கிறது, அவர்களுடைய 1996 என்ற போன் நம்பருக்கும் அடிக்கலாம். ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். விசாரணை நடக்கிறது என்று காட்ட அவர்களிடம் கடிதம் வாங்கி வையுங்கள், கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் அதைத்தான் கேட்பார்கள். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு.

அப்பா பார்த்ததை இப்போதே சத்தியக்கடதாசியாக எழுதி எடுங்கள். பார்சல் கட்டின கடைக்காரருக்கு நேரம் நினைவிருந்தால் அவரிடமும்.

கொட்டகலை அக்கா:
கடைக்காரர் வருகிறேன் என்றார். அப்பாதான் யோசிக்கிறார், திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் வெட்டு. நானே தம்பியோடு கண்டிக்குப் போய் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.