காம் 33

குழு: நம்ம வீடு

சனிக்கிழமை

நான், காலை 9.12
கோவை மாமா இருக்கிறீர்களா? திங்கட்கிழமை லேப் ரெக்கார்ட் காட்ட வேண்டும். 8051 என்ற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்பில் எல்இடி மினுக்கும் புரோகிராம். கல்லூரியில் அந்தச் சிப்புக்குப் புரோகிராம் எழுதும் கீல் மென்பொருளில்தான் செய்கிறோம், அது விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. என்னிடம் இருப்பது அக்காவின் பழைய அரசு லேப்டாப். அதில் இருப்பது உபுன்டு 22.04 லினக்ஸ்.

அப்பா, 9.14
2013-இல் பள்ளியில் கொடுத்ததா? இன்னும் உயிரோடு இருக்கிறதா அது?

அக்கா, 9.15
என் லேப்டாப்பைப் பற்றி யாரும் பேசக்கூடாது. கொடுக்கும்போதே விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் அதில் இருந்தன. பாஸ் நம் சென்னையில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தில் செய்தது. நான்தான் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. இவள் கைக்குப் போனதும் விண்டோஸைத் துடைத்துவிட்டு உபுன்டு போட்டாள், இப்போது அழுகிறாள்.

அக்கா, 9.16
விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஒரு பொய்க் கணினி போட்டு அதற்குள் விண்டோஸை ஓட்டு. வேலை முடிந்தது.

கோவை மாமா, 9.31
ராம் எவ்வளவு கண்ணு?

நான், 9.31
4 ஜிபி.

கோவை மாமா, 9.34
அதில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் டிவிஎஸ் 50-இல் குடும்பமே ஏறின மாதிரி. போகும், மேடு ஏறாது. மில்லில் நான் விர்ச்சுவல் மெஷின்தான் வைத்திருக்கிறேன், வேறு வழியில்லாமல். மெஷின்களை ஓட்டுகிற பிஎல்சி பெட்டிக்கான மென்பொருளின் லைசென்ஸ், பூட்டுச் சாவி மாதிரி ஒரு யுஎஸ்பி டாங்கிளில் இருக்கிறது, அந்த டாங்கிளின் டிரைவர் வைனில் ஏறாது. உனக்கு டாங்கிள் தொல்லை இல்லை. வைன் போதும்.

அப்பா, 9.35
மச்சான், குழுவில் எங்கள் அம்மாவும் இருக்கிறார். காலையிலேயே பிள்ளைக்கு வைன் போதும் என்று எழுதுகிறீர்கள்.

கோவை மாமா, 9.41
🙏 அம்மா, இது குடிக்கிறது இல்லை. விண்டோஸ் புரோகிராம் ஒன்று "ஃபைலைத் திற, ஜன்னலை வரை" என்று விண்டோஸிடம் கேட்கும் அல்லவா, அதற்கெல்லாம் லினக்ஸில் இருந்துகொண்டே பதில் சொல்கிற ஏற்பாடு. 1993-இல் ஆரம்பித்தவர்கள் 1.0 என்று ஒன்றை வெளியிட்டது 2008-இல். 15 வருடம்! நம் பஞ்சாயத்துச் சாலை மாதிரி, ஆனால் நன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

கோவை மாமா, 9.43
கண்ணு, கீல் 32 பிட் புரோகிராம். உன் உபுன்டு 64 பிட். முதலில் ஐ386 என்கிற 32 பிட் வகையைச் சேர்த்துவிட்டு, அப்புறம் 32 பிட் வைனையும் ஏற்று. தாளில் எழுதி அனுப்புகிறேன், வரிசையை மாற்றாதே.

(படம்: மில் டைரித் தாளில் மூன்று கட்டளைகள்)

நான், 11.05
கீல் ஏறிவிட்டது மாமா! இலவசப் பதிப்பு, 2 கேபி கோடு வரைதான் விடும். என்னுடையது அதில் கால்வாசிகூட இல்லை. பில்டு கொடுத்தேன், 0 எரர். ஆனால் சிப்பில் ஏற்ற வேண்டிய ஹெக்ஸ் ஃபைலைக் காணோம்.

கோவை மாமா, 11.08
வைனின் சி டிரைவ் உன் ஹோம் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும், கண்ட்ரோல் எச் அழுத்தினால் தெரியும். அங்கேயும் இல்லையென்றால் ஆப்ஷன்ஸில் அவுட்புட் பக்கத்தில் "கிரியேட் ஹெக்ஸ் ஃபைல்" டிக் போட்டிருக்கிறாயா பார்.

நான், 11.09
டிக் போடவில்லை 🤦‍♀️

அக்கா, 11.12
கீல் எதற்கு? லினக்ஸிலேயே 8051-க்கு எஸ்டிசிசி கம்பைலர் இலவசமாக இருக்கிறதே, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது.

நான், 11.14
பார்த்தேன் அக்கா. கீலில் எஸ்பிட் என்று எழுதுவதை அதில் வேறு மாதிரி எழுத வேண்டும், ஹெடர் ஃபைலும் வேறு. ரெக்கார்டில் கீல் கோடு இருந்தால்தான் மேடம் கையெழுத்துப் போடுவார்.

நான், பகல் 12.20
இப்போது அடுத்த வில்லங்கம். போர்டில் இருப்பது எஸ்டிசி89சி52 சிப், 8051 வகைதான். ஹெக்ஸை ஏற்ற எஸ்டிசி-ஐஎஸ்பி என்று ஒன்று, அதுவும் விண்டோஸுக்குத்தான். வைனில் திறந்தது, எழுத்தில் பாதி பெட்டி பெட்டியாகத் தெரிகிறது. அதாவது பரவாயில்லை. கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் காம் 1 முதல் காம் 32 வரை வரிசையாக நிற்கிறது. எதைத் தொட்டாலும் வேலை செய்யவில்லை.

கோவை மாமா, 12.26
அந்த 32-ம் வெறும் பெயர்ப்பலகை. லினக்ஸ் பழைய சீரியல் போர்ட்டுகளுக்கென்று 32 இடம் ஒதுக்கி வைத்திருக்கும். வைன் அவற்றை முதலில் எண்ணிவிட்டு, யுஎஸ்பி கேபிளுக்கு 33 என்று எண் கொடுக்கும். உனக்கு 33 வரவில்லை என்றால் கேபிளே லினக்ஸுக்குத் தெரியவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகிவிட்டு லினக்ஸ் என்ன பார்த்தது என்று காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளை ஃபோட்டோ எடுத்து அனுப்பு.

(படம்: டெர்மினல், கடைசி ஐந்து வரிகள்)

கோவை மாமா, 12.33
ஆள் சிக்கிவிட்டான். சிஎச்341 என்று கேபிளை அடையாளம் கண்டு டிடிஒய் யுஎஸ்பி 0 என்று பெயரும் வைத்திருக்கிறது. அடுத்த நொடியே பிஆர்எல்டிடிஒய் என்று ஒருவன் வந்து பிடுங்கிக்கொண்டான். அது பிரெய்ல் கருவிகளுக்கான சேவை. சில பிரெய்ல் கருவிகளிலும் இதே அடையாள எண் கொண்ட சிப் இருப்பதால் உன் கேபிளைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துக்கொள்கிறது. உபுன்டு 22.04-இல் நிறையப் பேர் இதில் மாட்டினார்கள். அதை நீக்கிவிடு.

டீச்சர் அத்தை, 12.36
பார்வையில்லாதவர்களுக்கு வைத்ததை ஏன் நீக்கச் சொல்கிறீர்கள்? என் வகுப்பிலேயே ஒரு பையன் பிரெய்ல் கருவி வைத்துத்தான் படிக்கிறான்.

கோவை மாமா, 12.38
அவன் கணினியில் நீக்கக் கூடாது. அங்கே இந்த ஒரு அடையாள எண்ணுக்கான விதியை மட்டும் அணைத்தால் போதும், அவன் கருவி அதே எண்ணில் இல்லாதவரை. இவள் லேப்டாப்பில் அந்தத் தேவை இல்லை.

டீச்சர் அத்தை, 12.39
சரி. அடுத்த அறையில் இருந்துகொண்டு குழுவில் பதில் சொல்ல வேண்டாம். சாப்பாடு ஆறுகிறது.

நான், 1.02
நீக்கினேன். காம் 33 வந்துவிட்டது! தொட்டால் அனுமதி இல்லை என்கிறது.

கோவை மாமா, 1.40
லினக்ஸில் சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ளவர்களுக்கு டயல்அவுட் என்று ஒரு குழு உண்டு, அதில் உன்னைச் சேர்த்துக்கொள். சேர்த்த கையோடு லாக் அவுட் செய்து திரும்ப வா, இல்லாவிட்டால் பலிக்காது. மோடம் காலத்துப் பெயர் அது.

நான், 2.15
திறக்கிறது மாமா. ஆனால் ஏற்றும்போது பாதியில் விட்டுவிடுகிறது. நாலு தடவை பார்த்துவிட்டேன்.

கோவை மாமா, 2.24
போதும், அங்கே மல்லுக்கட்டாதே. எனக்கு இப்படி ஒரு நாள் முழுக்கப் போனது. பழைய மோட்டார் டிரைவ் ஒன்றின் மென்பொருள், காம் 8-க்கு மேல் அதற்கு எண்ணவே தெரியாது. வைனின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் காம் 1 என்றால் இந்த யுஎஸ்பி கேபிள் என்று எழுதி ஏமாற்றினேன். திறந்தது. திறந்து, இதே மாதிரி பாதியில் விட்டது. அன்றிலிருந்து ஒன்று வைத்திருக்கிறேன்: கணக்குப் போடுகிற வேலையை வைனுக்குக் கொடு, கம்பியைத் தொடுகிற வேலைக்கு லினக்ஸின் சொந்தக் கருவி இருக்கிறதா என்று முதலில் தேடு. உன் சிப்புக்கு இருக்கிறது. எஸ்டிசிகால், பைத்தானில் எழுதியது. பைத்தான் கருவிகளை நிறுவும் பிப் வைத்து ஏற்று.

நான், 3.05
ஏற்றினேன். "சிப்புக்காகக் காத்திருக்கிறேன்" என்று நிற்கிறது. 10 நிமிடமாக நானும் காத்திருக்கிறேன்.

அக்கா, 3.06
😂😂 அந்த வரியை முழுசாகப் படி.

நான், 3.07
"பவரை அணைத்துப் போடவும்." ரீசெட் பட்டனை அழுத்தினேனே!

கோவை மாமா, 3.09
ரீசெட் போதாது. அந்தச் சிப் கரண்ட் புதிதாக வருகிற நொடியில் மட்டும்தான் "ஏதாவது புரோகிராம் வருகிறதா" என்று காது கொடுக்கும். கட்டளையை ஓடவிட்டு, 5 வோல்ட் வயரைக் கழற்றி, ஒன்று இரண்டு எண்ணிச் செருகு.

நான், 3.14
ஏறிவிட்டது!!! சிப் பெயரைக்கூடச் சரியாகச் சொல்கிறது!

(வீடியோ: 0.11)

அப்பா, 3.16
இந்தச் சின்ன விளக்குக்கா காலையிலிருந்து? சரி, நன்றாக மினுக்குகிறது பாப்பா.

நான், 3.31
மாமா, ஒரே ஒரு சந்தேகம். எட்டு எல்இடியும் அணைய வேண்டும் என்று போர்ட் 1-க்கு 0 கொடுத்தேன். எட்டும் எரிகிறது. எஃப்எஃப், அதாவது எட்டுக்கும் 1 கொடுத்தால் அணைகிறது. வைன் கீலில் ஏதாவது கோளாறா?

கோவை மாமா, 3.35
இல்லை கண்ணு. 8051-இன் பின்னுக்குக் கரண்டைத் தள்ளுகிற தெம்பு குறைவு, இழுக்கிற தெம்பு உண்டு. அதனால் போர்டில் எல்இடியின் மறுமுனையை 5 வோல்ட்டில் கட்டியிருப்பார்கள். 0 கொடுத்தால் எரியும்.

நான், 3.36
அப்படியென்றால் கல்லூரியில் விண்டோஸில் செய்தாலும் இப்படித்தானா?

கோவை மாமா, 3.36
இப்படித்தான்.

நான், 3.37
அப்பாடா.