காவிரிக்கரை வீடு: பிரிஸ்பேன் படகு பற்றிக் குழுவில் ஒரு மாலைப் பேச்சு

சித்தப்பா: அண்ணே, ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனிலிருந்து நீங்கள் அனுப்பிய போட்டோ எல்லாம் பார்த்தோம். ஆறு நல்ல அகலம். நாங்கள் அக்டோபரில் வரும்போது ஆற்றில் சுற்றுலாப் படகு ஒன்று முன்பதிவு செய்யலாமா என்று இவள் கேட்கிறாள். மதியச் சாப்பாட்டோடு ஆளுக்கு நல்ல தொகை போட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: வேண்டாம், அதற்குப் பணம் கட்டாதே. போட்டோவில் நான் நிற்பது மாநகராட்சிப் படகு. சிட்டிகேட் என்று பெயர், 1996 முதல் ஓடுகிறது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 50 சென்ட், நம் காசுக்கு ஏறக்குறைய 30 ரூபாய். ஆபீஸ் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், சைக்கிளோடு ஏறுகிறவர்கள் எல்லோரும் அதில்தான் வருகிறார்கள். ஊரைப் பார்ப்பதென்றால் அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

செந்தில்: 50 சென்ட்டா? ஒரு படகுத்துறையிலிருந்து அடுத்ததுக்கா, முழுப் பயணத்துக்கா பெரியப்பா?

கவிதா அக்கா: முழுசுக்கும்தான். 2024 ஆகஸ்டில் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் மாநில அரசு 50 சென்ட் என்று ஆக்கிவிட்டது. சித்தப்பா, தனி கார்டு வாங்க வேண்டாம். வெளிநாட்டில் செல்லும்படி வைத்திருக்கும் வீசா, மாஸ்டர் கார்டு இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு கார்டு. ஏறும்போது தட்டுங்கள், இறங்கும்போதும் மறக்காமல் தட்டுங்கள்.

சித்தப்பா: சரி. எங்கே ஏற வேண்டும்?

பெரியப்பா: செயின்ட் லூசியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத் துறை. அங்கே ஏறினால் கடைசித் துறை நார்த்ஷோர் ஹாமில்டன். முழுக்கப் போக ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆறு அப்படி வளைகிறது. நகரத்தின் உயரக் கட்டடங்கள் ஒரு தரம் வலப்பக்கம் தெரியும், கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் தெரியும். படகின் முன்பக்கம் திறந்த தளம் உண்டு, அங்கே நில். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்.

அத்தை: அண்ணே, நானும் அவர்களோடு வரலாம் என்று இருக்கிறேன். என் முழங்காலுக்கு இது சரிப்படுமா? படி நிறைய இருக்குமா?

பெரியப்பா: படியே இல்லை மல்லிகா. துறை என்பது ஒரு மிதவைமேடை. கரையிலிருந்து அதற்கு ஒரு நடைபாலம். இந்த ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் நகரத்துக்குள் வரை வருகிறது, தண்ணீர் சில வேளை இரண்டு மீட்டர் கூட ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரம் பாலம் கொஞ்சம் சரிவாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினால் போதும். சக்கர நாற்காலியே போகிறது.

சித்தப்பா: ஆற்றில் ஒரு முழுக்குப் போடலாமா அண்ணே?

கவிதா அக்கா: ஐயோ சித்தப்பா, வேண்டவே வேண்டாம். இந்த ஆற்றில் காளைச் சுறா இருக்கிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சவுத் பேங்க் துறையில் இறங்குங்கள், கரையிலேயே மணல் கொட்டிச் செயற்கைக் கடற்கரை கட்டியிருக்கிறார்கள். இலவசம். 1988 உலகக் கண்காட்சி நடந்த இடம் அது. அப்போது கொண்டுவந்த நேபாள மரக்கோயில் இன்னும் அங்கே நிற்கிறது. அத்தைக்கு அது ரொம்பப் பிடிக்கும், வேலைப்பாடு அவ்வளவு நுணுக்கம்.

செந்தில்: அங்கேயும் வெள்ளம் வரும் என்றார்களே?

பெரியப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். பொதுப்பணித் துறையில் காலம் தள்ளியவனுக்கு இந்தப் படகுத்துறைகளைப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது. 2011 ஜனவரியில் தண்ணீர் 4.46 மீட்டர் ஏறியதாம். படகுத்துறைகள் பல சிதைந்துபோயின. நியூ ஃபார்ம் பக்கம் ஆற்றின் மேல் மிதக்கும் நடைபாதை ஒன்று இருந்தது, அது பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதில் ஒரு பெரிய துண்டை ஓர் இழுவைப் படகுக்காரர் பின்னாலேயே போய், பாலத்தில் மோதாமல் தள்ளித் தள்ளிக் கடல் பக்கம் கொண்டு சேர்த்தார். 2014இல் தூண் ஊன்றி நிலையான நடைபாதையாகவே கட்டிவிட்டார்கள்.

பெரியப்பா: அதற்குப் பிறகு கட்டிய துறைகளில்தான் விஷயமே இருக்கிறது. நடைபாலத்தில் மிதவைத் தொட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளம் ஏறினால் அது பாலத்தைத் தூக்கும். ஒரு முனை தானாகக் கழன்றுகொள்ளும், மறுமுனை பிடித்தபடி பாலம் ஆற்றுப் போக்கிலேயே கதவு போலத் திரும்பி நிற்கும். தண்ணீர் வரும் பக்கம் ஒரு பெரிய தூண். அடித்து வரும் மரம் மட்டையெல்லாம் அதில் பட்டு விலகிவிடும். தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் வழிவிட்டு நிற்கிற மாதிரி யோசித்திருக்கிறார்கள். யார் வரைந்தாரோ, அவர் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டும்.

சித்தப்பா: 2018 ஆகஸ்டில் நம் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தது நினைவு வருகிறது அண்ணே. ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா: எனக்கும் அதுதான் நினைவு வந்தது. அதே மாதம் முக்கொம்பில் மதகும் போயிற்று. இங்கே 2022 பிப்ரவரியில் மறுபடி 3.85 மீட்டர் ஏறியிருக்கிறது. படகுகளைச் சில வாரம் நிறுத்திவைத்து, பிறகு ஓட்டியிருக்கிறார்கள்.

கவிதா அக்கா: அப்பா, பலூமா கதையைச் சொல்லுங்கள்.

பெரியப்பா: ஆமாம். 1893 பிப்ரவரி வெள்ளம் 8.35 மீட்டர். பலூமா என்று ஒரு பீரங்கிக் கப்பல் ஆற்றில் நின்றிருந்தது. வெள்ளம் அதைத் தூக்கித் தாவரவியல் பூங்காவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வடிந்துவிட்டது. அவ்வளவு பெரிய கப்பலை எப்படி ஆற்றில் இறக்குவது? அதே மாதம் இன்னொரு வெள்ளம் வந்தது, கப்பல் மிதந்தது, இழுத்து ஆற்றில் விட்டுவிட்டார்கள். அந்தப் பூங்காவை ஒட்டியே இப்போது படகு போகிறது. நான் ஒவ்வொரு தரமும் எட்டிப் பார்க்கிறேன்.

செந்தில்: படகு பாலத்துக்கு அடியில் போகும் வீடியோ சூப்பர் பெரியப்பா. எந்தப் பாலம் அது?

பெரியப்பா: ஸ்டோரி பாலம், 1940இல் திறந்தது. முழுக்க இரும்பு. சிட்னி துறைமுகப் பாலத்துக்கு உழைத்த பிராட்ஃபீல்டுதான் இதற்கும் பொறியாளர். மேலே காரில் போனால் ஒன்றும் தெரியாது, அடியில் போகும்போது அண்ணாந்து பார். சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு இன்னொரு தரம் பார்.

கவிதா அக்கா: அத்தை, உங்களுக்கு ஒன்று. ரெகாட்டா என்று ஒரு துறை வரும், எதிரே பழைய மதுக்கடைக் கட்டடம். அந்தக் காலத்தில் பொது பாரில் பெண்களுக்கு இடம் கிடையாது. 1965இல் இரண்டு பெண்கள் உள்ளே போய்க் காலைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு, எங்களுக்கும் ஊற்று என்று உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தும் அசையவில்லை. ஊர் உலகமெல்லாம் செய்தியானது.

அத்தை: தைரியம்தான். இறங்கி அந்த இடத்தைப் பார்த்துவிட்டே போவோம். குடிக்கச் சொல்லாதே.

கவிதா அக்கா: ஹாஹா, எலுமிச்சைச் சாறு வாங்கித் தருகிறேன் அத்தை. அப்புறம் நியூ ஃபார்ம் பூங்கா. புளியோதரை கட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்காரலாம். பக்கத்திலேயே டிராம் வண்டிக்கு மின்சாரம் கொடுத்த பழைய மின்நிலையம், இப்போது நாடகமும் கச்சேரியும் நடக்கும் அரங்கு. அக்டோபர் கடைசியில் வந்தால் ஜகரண்டா மரமெல்லாம் ஊதாப் பூவாக நிற்கும், டிக்கெட்டை அதற்குத் தோதாகப் போடுங்கள்.

பெரியப்பா: சனி, ஞாயிறு நடுப்பகலில் மட்டும் ஏறாதே. நிற்க இடம் இருக்காது. வார நாளில் காலை ஒன்பதரைக்கு மேல் ஏறினால் ஆபீஸ் கூட்டம் குறைந்திருக்கும்.

சித்தப்பா: சரி அண்ணே, சுற்றுலாப் படகை விட்டுவிடுகிறோம். அக்டோபர் கடைசி வாரத்துக்கு மூன்று டிக்கெட் பார்க்கிறேன். மல்லிகா, பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பார்த்து இங்கேயே போடு.

அத்தை: போடுகிறேன். ஆனால் முன்தளத்தில் காற்றில் நிற்க என்னால் ஆகாது. உள்ளே ஜன்னலோரம் எனக்கு, இப்போதே சொல்லிவிட்டேன்.