2500கே: 42-ல நிறுத்து

குழு: மேலத்தெரு வீட்டுக் கூட்டம்

சனிக்கிழமை

கார்த்தி, மாலை 6:41
மாமா, பழைய கம்ப்யூட்டர் செட் வந்துடுச்சு. இன்டெல் ஐ5 2500கே சிபியு, பி67 போர்டு, டிடிஆர்3 1333 ரெண்டு 4 ஜிபி, நாலு ஹீட்பைப் டவர் கூலர். கம்பெனி வேகத்துக்கு மேல ஓட்டற ஓவர்க்ளாக் பண்ணணும், நேரா 4.5 ஜிகாஹெர்ட்ஸ் போட்டுடவா?

செல்வம் மாமா, 6:44
இரு. வேகத்தை ஏத்தற மல்டிபிளையர் (100ஐப் பெருக்கற எண், 42ன்னா 4.2 ஜிகா) எங்கயும் ஓடிப்போகாது. போர்டு பி2வா பி3யா, அதை முதல்ல பாரு. சிபியு விவரம் காட்டற சிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து மெயின்போர்டு பக்கத்துல சவுத்பிரிட்ஜ் வரியில ரிவிஷன் இருக்கும்.

கார்த்தி, 6:45
பி3ன்னு இருக்கு. அதுல என்ன?

செல்வம் மாமா, 6:49
தப்பிச்ச. 2011 ஜனவரில இந்த போர்டோட சிப்செட் வந்துச்சு, அதே மாசக் கடைசில இன்டெல் கோளாறுன்னு சொல்லி நிறுத்திருச்சு. டிஸ்க் மாட்டற 3 ஜிகாபிட் சாட்டா போர்ட் நாலும் நாள்பட நாள்பட மக்கர் பண்ணும். திருத்தி விட்டதுதான் பி3. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பி67, எச்67 போர்டு எதைத் தூக்கினாலும் இதைப் பார்த்துட்டுதான் காசு எடுக்கணும். பி2ன்னாலும் 6 ஜிகாபிட் போர்ட் ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகாது, எஸ்எஸ்டியை அதுல மாட்டி ஓட்டலாம்.

வித்யா, 6:53
காரணத்தையும் கேட்டுக்கோடா. அந்த நாலு போர்ட்டுக்கு க்ளாக் குடுக்கற இடத்துல ஒரே ஒரு டிரான்சிஸ்டருக்கு தேவைக்கு மேல வோல்டேஜ் போச்சு. முதல் நாள் எல்லாம் நல்லாதான் ஓடும். கசிவு ஏறி ஏறி ஒருநாள் படுத்துக்கும். நீ சிபியுக்கு 1.45 வோல்ட் தள்ளினாலும் நடக்கறது இதேதான், அது உடனே கண்ணுக்குத் தெரியாது.

கார்த்தி, 6:54
அப்ப 4.5 வேணாமா 😑

வித்யா, 6:58
கணக்கு போடு. மின்சாரம் வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கமா ஏறும். நாலு கோரும் ஓடும்போது கம்பெனி வேகம் 3.4, வோல்டேஜ் சுமார் 1.15ன்னு வெச்சுக்கோ. 4.2க்கு 1.25 போதும்னா, 1.46 மடங்கு. 4.5க்கு 1.36 வேணும்னா, 1.85 மடங்கு. 4.2ல இருந்து 4.5 போனா வேகம் 7 சதவீதம்தான் கூடும், சூடு 27 சதவீதம் கூடும். நம்ம ஊர் வெயிலுக்கு இது கட்டுபடியாகாத வியாபாரம்.

பெரியம்மா, 7:02
கரண்ட் பில் ஏறுமா அப்ப?

செல்வம் மாமா, 7:04
முழு லோடுல ஒரு 40 வாட் கூடும்க்கா. தினம் 4 மணி நேரம் அப்படியே ஓட்டினாலும் மாசம் 5 யூனிட்தான். ஏசிக்கு முன்னால இது தூசு.

பெரியம்மா, 7:05
சரி சரி. சாப்பிட்டுட்டு பேசுங்க

செல்வம் மாமா, 8:10
கார்த்தி, இப்ப கழட்டி மாட்டற வேலை. சிபியுவை திரும்ப வைக்கறதுக்கு முன்ன மொபைல் டார்ச்சை சாக்கெட்டுக்கு சாய்வா அடிச்சு பாரு. பின் எல்லாம் ஒரே வரிசையா மின்னணும். ஒண்ணு மட்டும் வேற பக்கம் மின்னினா அது வளைஞ்ச பின். பழைய போர்டுல ஒரு ராம் ஸ்லாட் வேலை செய்யலன்னா பாதி நேரம் ராம் மேல தப்பே இருக்காது, இந்த பின்னுதான். சாக்கெட்டுக்குள்ள பஞ்சு, துணி எதையும் விடாதே, நூல் மாட்டி பின்னை இழுத்துடும்.

செல்வம் மாமா, 8:13
காய்ஞ்ச பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடை. புது பேஸ்ட் பட்டாணி அளவு நடுவுல வெச்சா போதும், அழுத்தமே பரப்பிடும். ஸ்க்ரூவை குறுக்குக் குறுக்கா, ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு சுத்தா இறுக்கு. இந்த தலைமுறைல சிபியு மூடிக்கு அடியில சால்டர் இருக்கு, அதான் சூடு நல்லா வெளிய வரும். அடுத்து வந்த 3570கேல பேஸ்ட் வெச்சுட்டான், அதே வேகத்துல அது கூடுதலா கொதிக்கும்.

வித்யா, 8:15
டவர் கூலர்ல ஒரு குறை. பாக்ஸ் கூலர் கீழ்நோக்கி ஊதும், சாக்கெட்டை சுத்தி இருந்து சிபியுக்கு கரண்ட் குடுக்கற மாஸ்ஃபெட்டுக்கும் காத்து படும். டவர் பக்கவாட்டுல ஊதறதால அங்க காத்தே போகாது. உன் போர்டுல மாஸ்ஃபெட் மேல அலுமினிய ஹீட்சிங்க் இருக்கா?

கார்த்தி, 8:17
ஒரு பக்கம் மட்டும் இருக்கு. மேல் வரிசை மொட்டையா இருக்கு

வித்யா, 8:18
அப்ப பழைய 80 எம்எம் ஃபேன் ஒண்ணை அந்த வரிசைக்கு நேரா கட்டு. கேபிள் டை போதும். 4.2லயே நிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

செல்வம் மாமா, 8:21
எஸ்எம்பிஎஸ், அதான் பவர் சப்ளை, என்ன?

கார்த்தி, 8:22
செட்டோட வந்தது. 450 வாட்னு ஒட்டியிருக்கு

செல்வம் மாமா, 8:25
ஒட்டறதுக்கு என்ன, ஸ்டிக்கர்தானே. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வெச்சு, காலியா இருக்கற மோலக்ஸ் கனெக்டர்ல மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவுல பாரு. சும்மா இருக்கும்போது ஒரு தடவை, லோடுல ஒரு தடவை. 11.4க்கும் 12.6க்கும் உள்ள இருக்கணும். லோடுல 11.5 பக்கம் இறங்கினா ஓவர்க்ளாக்கை மறந்துட்டு அந்த காசுல நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கு.

கார்த்தி, 8:41
சும்மா 12.09. லோடுல 11.93

செல்வம் மாமா, 8:42
பரவால்ல, ஓடட்டும்.

செல்வம் மாமா, 8:55
இப்ப பயாஸ், அதான் போர்டோட செட்டிங் திரை. வரிசையா பண்ணு.
டீஃபால்ட் லோடு பண்றதுக்கு முன்ன டிஸ்க்கோட சாட்டா மோடு ஏஹெச்சிஐயா ஐடிஇயான்னு எழுதி வை. டீஃபால்ட் அதை மாத்திடும், விண்டோஸ் நீலத் திரைல நிக்கும், நீ ஓவர்க்ளாக் மேல பழி போடுவ.
பேஸ் க்ளாக் 100, தொடவே தொடாதே. இந்த தலைமுறைல பிசிஐ, சாட்டா எல்லாம் அதே க்ளாக்கை நம்பி ஓடுது. 105 பக்கம் போனாலே சிஸ்டம் தடுமாறும், டிஸ்க்ல இருக்கற டேட்டா கெடலாம்.
டர்போ (சிபியு தானா வேகம் ஏத்திக்கற வசதி) ஆன்லயே இருக்கட்டும். 33க்கு மேல மல்டிபிளையர் ஏறறது டர்போ வழியாதான்.
லாங் டியூரேஷன், ஷார்ட் டியூரேஷன் பவர் லிமிட் ரெண்டும் 150 வாட். 95லயே விட்டா லோடு வந்ததும் வேகம் தானா இறங்கும்.
ராம் 1333, 1.5 வோல்ட்.

வித்யா, 8:57
வோல்டேஜை ஆட்டோல விடாதே. மல்டிபிளையர் ஏத்தினதும் நிறைய போர்டு தானா 1.4 பக்கம் தூக்கிடும். மேனுவல் 1.22, மல்டிபிளையர் 40. அதுல ஆரம்பி.

கார்த்தி, 8:59
ஸ்கூல் ஃப்ரெண்ட் எச்61 போர்டு வெச்சிருக்கான். 2500கே வாங்கினா அவனும் பண்ணலாமா?

செல்வம் மாமா, 9:01
எச்61ல மல்டிபிளையர் பூட்டிதான் இருக்கும், மல்டிபிளையர் திறந்த கே சிபியு போட்டாலும் திறக்காது. பி67, இசட்68, இசட்75, இசட்77 வேணும். அவனுக்கு கே வாங்கறது வீண். காசு மிச்சம்னா எஸ்எஸ்டி போடச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை

கார்த்தி, மதியம் 1:20
40, 1.22 வோல்ட். சிபியுவை முழு லோடுல ஓட்டற பிரைம்95 டெஸ்ட், ஸ்மால் எஃப்எஃப்டி 20 நிமிஷம். அதிகபட்சம் 67 டிகிரி. ரூம் 33.
42, 1.25 வோல்ட். 73 டிகிரி. 12வது நிமிஷம் நீலத் திரை, கோட் 124.

வித்யா, 1:24
124, 101 ரெண்டும் இந்த சிபியுல பெரும்பாலும் வோல்டேஜ் பத்தலங்கற அர்த்தம். 1ஏ, 50 வந்தா ராமை சந்தேகப்படு. லோடுல சிபியு-இசட் எவ்ளோ காட்டுச்சு?

கார்த்தி, 1:25
1.208

வித்யா, 1:27
அதான். நீ குடுத்தது 1.25, போய் சேர்ந்தது 1.21. லோடு வந்ததும் இறங்கற வோல்டேஜ் அது. அந்த இறக்கத்தை ஈடுகட்டற லோடு லைன் காலிப்ரேஷனை பயாஸ்ல நடு அளவுல வை. உச்சத்துல வைக்காதே, லோடு விடற கணத்துல வோல்டேஜ் எகிறும், எந்த சாஃப்ட்வேரும் அதைக் காட்டாது.

கார்த்தி, 2:40
நடு அளவுல வெச்சேன். லோடுல 1.24 நிக்குது. 40 நிமிஷம் ஆச்சு, 76 டிகிரி, நீலத் திரை இல்ல. முடிஞ்சுதா?

செல்வம் மாமா, 2:43
விண்டோஸ்ல ஈவென்ட் வியூவர், சிஸ்டம் லாக். டபிள்யூஹெச்இஏன்னு தேடு, அது ஹார்டுவேர் தப்பைப் பதியறது. 19ன்னு எண் இருக்கா?

கார்த்தி, 2:47
மூணு இருக்கு. மஞ்சள் முக்கோணம்

செல்வம் மாமா, 2:50
சிபியு தப்பு பண்ணி தானே திருத்திக்கிச்சுன்னு அர்த்தம். இன்னைக்கு திருத்தும், கேம் நடுவுல ஒருநாள் திருத்தாது. 0.015 ஏத்து. லாக்கை அழிச்சுட்டு மறுபடி ஓட்டு. 1.30 தாண்டியும் 42 நிக்கலன்னா 41க்கு இறங்கிடு, சில்லுக்கு சில்லு வித்தியாசம் உண்டு.

கார்த்தி, 6:15
3 மணி நேரம் ஓடிடுச்சு. லாக் காலி. 78 டிகிரி. ஒரு கோர் மட்டும் மத்ததை விட 6 டிகிரி அதிகம்

செல்வம் மாமா, 6:18
6 சகஜம். 15 வந்தா கூலர் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம், கழட்டி மாட்டணும். ரூம் 33ல 78ன்னா மே மாசம் ரூம் 39ல 84. பிரைம் குடுக்கற சூடு கேம் குடுக்காது, அதனால ஒத்துக்கலாம். ஆனா 43 பேச்சு வேணாம்.

வித்யா, 6:22
இப்ப வோல்டேஜை மேனுவலை விட்டு ஆஃப்செட்டுக்கு மாத்து, அது சிபியு கேக்கற வோல்டேஜோட கொஞ்சம் கூட்டும், குறைக்கும். மேனுவல்ல சும்மா இருக்கும்போதும் 1.26 ஓடும். ஆஃப்செட்ல, சி1இ, ஸ்பீட்ஸ்டெப்ங்கற மின்சார சேமிப்பு ரெண்டும் ஆன்ல இருந்தா, ஐடில்ல 1.6 ஜிகாவுக்கும் 1 வோல்ட் பக்கமும் இறங்கிக்கும். லோடுல அதே 1.255 வர்ற மாதிரி ஆஃப்செட்டை சின்னச் சின்னதா நகத்து. ரொம்ப மைனஸ் போனா லோடுல ஒண்ணும் ஆகாது, பாட்டு கேக்கும்போது உறைஞ்சு நிக்கும்.

கார்த்தி, 6:40
பண்ணிட்டேன். ஆனா கேம்ல எஃப்பிஎஸ் ஏறவே இல்லயே அக்கா

வித்யா, 6:41
கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் காட்டுது?

கார்த்தி, 6:43
98

வித்யா, 6:44
அப்ப கார்டுதான் முட்டுது, சிபியு சும்மா நிக்குது 😄 வீடியோ எக்ஸ்போர்ட் போட்டுப் பாரு, அதுல தெரியும். ஏவிஎக்ஸ்2ங்கற சிபியு கட்டளைத் தொகுப்பு கேக்கற புது கேம் எத்தனை ஜிகா போட்டாலும் திறக்காது, அது இன்டெல்ல 2013 ஹாஸ்வெல் தலைமுறைலதான் வந்துச்சு.

கார்த்தி, 7:30
எக்ஸ்போர்ட் 10 நிமிஷம் ஆனது 8 நிமிஷம் சொச்சம். ஆனா பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் பயாஸ் எல்லாம் பழையபடி ஆயிடுச்சு, தேதி 2011 காட்டுது

செல்வம் மாமா, 7:32
பயாஸ் செட்டிங்கை காப்பாத்தற சீமோஸ் பேட்டரி போச்சு. கழட்டி மீட்டர்ல வை, புதுசுல 3க்கு மேல காட்டும். போட்ட நம்பர் எல்லாத்தையும் பயாஸ் திரையில போட்டோ எடுத்து வெச்சிருக்கியா?

கார்த்தி, 7:33
இல்ல 🤦

செல்வம் மாமா, 7:35
மேல ஸ்க்ரோல் பண்ணு, எல்லாம் இங்கயே இருக்கு. சாட்டா மோடை மறந்துடாதே. பேட்டரி சிஆர்2032 கேட்டு வாங்கு. 2025 குடுப்பான், அது மெல்லிசு, ஆடும்.

பெரியம்மா, 7:36
வெளிய போறியா? அப்படியே தயிர் பாக்கெட் ரெண்டு