ஹீட் சிங்க்கை ‘வெப்பக்கான்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

கணினிச் செயலியின் சூட்டை வெளியேற்ற அதன்மேல் பொருத்தும் உலோகத் தகட்டுத் தொகுதிதான் ஹீட் சிங்க். அதற்குத் தமிழில் நம் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வெப்பமூழ்கி, வெப்ப உறிஞ்சி, வெப்பத்தணிப்பி. நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: வெப்பக்கான். இது நான் யோசித்து எடுத்த சொல் அல்ல. இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஞாயிறு தோறும் நான் எடுக்கும் கணினி திருத்தும் வகுப்பில் ஒரு பிள்ளையின் வாயில் வந்தது.

அன்றைக்கு ஒரு பழைய டெஸ்க்டொப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். போட்டுப் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றினோம். செயலிக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் கீழே அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் தூசி கம்பளி போலப் படிந்து கிடந்தது. விறகடுப்பு எரியும் லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. புகைப் பிசுக்கும் மழைக்கால ஈரமும் சேர்ந்து அதை இறுக்கியிருந்தன. பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, “சேர், கான் தூந்து போயிருக்கு. அள்ளி விட்டா ஓடும்” என்றாள். அவளுடைய அப்பா தோட்டத்தில் கான் வெட்டுக்குப் போகிறவர்.

இடுக்குகளைத் தூரிகையால் சுரண்டி, காற்றடித்து, பழைய பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினோம். அன்று மாலை வரை அது அணையவே இல்லை.

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக ஒரு விளக்கம். இலங்கையில் கான் என்றால் நீர் வடியும் வாய்க்கால். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய வாட்டத்தோடு வெட்டுவார்கள். மேலிருந்து வரும் மழைநீர் ஒரே பாய்ச்சலாக இறங்கி மேல்மண்ணை வாரிக்கொண்டு போகாமல், கானுக்குள் விழுந்து, ஓரமாகப் போய் பெரிய கானில் சேரும். மண் நிரம்பித் தூர்ந்துவிட்டால் தண்ணீர் கானைத் தாண்டிப் பாயும். தேயிலையின் வேர் வெளியே தெரியும். ஆகவே வெட்டுவது பாதி வேலை, அள்ளிக்கொண்டே இருப்பது மீதி வேலை.

இப்போது ஹீட் சிங்க் என்ன செய்கிறது என்று பாருங்கள். சாதாரண மேசைக் கணினியின் செயலி 65 வாற்று அளவுக்கு வெப்பம் விடும். நகத்தளவு சில்லிலிருந்து அவ்வளவும் வெளியேற வேண்டும். உலோகம் அதை வாங்கித் தகடுகளில் பரப்புகிறது; இடுக்குகளில் ஓடும் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. அதற்குள் எதுவும் தங்குவதில்லை. தங்கினால்தான் ஆபத்து. ‘உறிஞ்சி’ என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்: உறிஞ்சுவது உள்ளே வைத்துக்கொள்ளும். ‘மூழ்கி’ ஆங்கிலச் சொல்லின் நிழல்; எது எதில் மூழ்குகிறது என்று மாணவர் கேட்டால் பதில் இல்லை. ‘தணிப்பி’ பிழையில்லை, ஆனால் விசிறியும் தணிப்பதுதானே?

ஒரு பிள்ளை கேட்டது: “சேர், நம்ம ஊரே குளிர்தானே, இது எதுக்கு?” நல்ல கேள்வி. அறை குளிராக இருப்பது உதவும்தான். ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் மெலிந்த காற்று குறைவான வெப்பத்தையே சுமந்து போகும். மலைநாட்டுக் கணினிக்கும் கான் வேண்டும்.

நீங்கள் எழுப்பக்கூடிய தடைகளையும் சொல்லிவிடுகிறேன். கான் என்றால் பழந்தமிழில் காடு. உண்மை; கானகம், கானாறு எல்லாம் அதுதான். ஆனால் கணினிப் பெட்டிக்குள் யாரும் காட்டைத் தேடப்போவதில்லை. அடுத்தது, ‘வெப்பத்துக்கான’ என்பதோடு குழம்பாதா? எனக்கும் இந்தப் பயம் இருந்தது. ‘சூட்டுக்கான்’ என்றுதான் முதலில் எழுதிப் பார்த்தேன். அது ‘சூட்டுக்கான’ என்பதோடு நேராக மோதியது, விட்டுவிட்டேன். ‘வெப்பத்துக்கான’ என்பதில் நடுவே வரும் ‘அத்து’ச் சாரியை வெப்பக்கானில் இல்லாததால் அந்த மோதல் இல்லை. வெப்பக்கானை, வெப்பக்கானில், வெப்பக்கான்கள் என்று வேற்றுமையும் பன்மையும் இடறாமல் வருகின்றன. மூன்றாவது தடை கனமானது. மண்கானில் ஓடுவது பள்ளத்தில் ஓடும் நீர். இங்கே வெப்பம் முதலில் உலோகத்தில் அல்லவா ஏறுகிறது? ஆம், உவமை முதல் பாதியில் பொருந்தவில்லை. வெப்பம் பெட்டியை விட்டுப் போகும் பாதை இடுக்குதான், அடைபடுவதும் இடுக்குதான் என்பதால் அந்தக் குறையை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

செயலிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை ‘வெப்பப்பசை’ என்று சிலர் எழுதுகிறீர்கள். பசை ஒட்டுவதற்கு, இது ஒட்டுவதற்கு அல்ல. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும். அவற்றில் காற்று நின்றால் வெப்பம் கடக்காது, ஏனென்றால் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் காற்று பல ஆயிரம் மடங்கு மோசமான கடத்தி. அந்தப் பள்ளத்தை நிரப்புவதே இதன் வேலை. சுவரின் சந்துகளை நிரப்புவது சாந்து, ஆகவே ‘வெப்பச்சாந்து’. பயறளவு போதும் என்று சொல்வதற்கும் அந்தச் சொல் இடம் தருகிறது.

தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி ஆகியவை நிலைத்துவிட்டன. அவற்றைக் கிளற வேண்டாம். செயலியை மட்டும் குறிக்க வேண்டிய ‘சிபியு’ என்ற சொல்லைப் பெட்டி முழுவதற்கும் சொல்லும் பழக்கத்துக்கு மட்டும் தனி இழை வேண்டும், அது என் வகுப்பில் நிறையக் குழப்பம் தருகிறது.

எனக்கு உங்கள் உதவி தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: கானுக்கு இரு பக்கமும் நிற்கும் மெல்லிய தகடு. யாழ்ப்பாணத்து அக்கா ‘செட்டை’ என்றார். எனக்கு ‘வரம்பு’ என்று தோன்றுகிறது, ஆனால் அது வயல்காரரின் சொல், எங்கள் பிள்ளைகளுக்கு எட்டத்தில் இருக்கிறது. வியாழனுக்குள் யாராவது சொன்னால், ஞாயிறு வகுப்புக் குறிப்பில் அந்த இடத்தை வெறுமையாக விடாமல் அச்சடிக்கலாம்.